டென்ட் கொட்டாய் கதை

எட்டு வருடமாக ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாமல் சொன்னது பொய்யில் சேருமா என்று நீங்கள் கேட்கலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்னேன். சேரும்.

எங்கள் ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மூன்று நாள் டிரெயினிங். இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் வகுப்பு என்னுடையது. தயிர்சாதத்தை எதிர்த்து எந்த வாத்தியாரும் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் நான் பாடம் நடத்த மாட்டேன், கதை சொல்வேன். என் நிரந்தர ஹீரோ லீவை ஸ்ட்ராஸ். ஆமாம், உங்கள் ஜீன்ஸின் பின்பக்கத்தில் இரண்டு குதிரைகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறாரே, அவரேதான்.

கதை இதுதான். 1850. கலிபோர்னியாவில் தங்கம் தோண்டுகிறார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு ஏழைப் பையன் டென்ட் அடிக்கிற கித்தான் துணியைத் தோளில் சுமந்துகொண்டு சான் பிரான்சிஸ்கோவில் கப்பலை விட்டு இறங்குகிறான். டென்ட்டை வாங்க ஆள் இல்லை. ஒரு சுரங்கக்காரன், "டென்ட் கிடக்கட்டும் தம்பி, கிழியாத பேன்ட் இருந்தா சொல்லு" என்கிறான். பையனுக்குப் பளிச்சென்று பல்பு எரிகிறது. கித்தானை வெட்டிப் பேன்ட்டாக்கி விற்கிறான். கித்தான் தீர்ந்ததும் நீல டெனிம். ஜீன்ஸ் பிறந்தது! இந்த இடத்தில் நான் கொஞ்சம் இடைவெளி விட்டு, மேஜையைத் தட்டி, "வாய்ப்பு டென்ட் வேஷத்துல வரும். பேன்ட்டாப் பார்க்கத் தெரியணும்" என்பேன். கை தட்டுவார்கள். பிறகு டீ.

போன வருடம் ஒரு பையன் கை தட்டவில்லை. கை தூக்கினான்.

"சார், ஒரு டவுட்டு. 1850ல பேன்ட் தைச்சார்னு சொல்றீங்க. ஆனா பேட்டன்ட் 1873னு ஸ்லைடுல போட்டிருக்கீங்க. நடுவுல 23 வருஷம் சார். அவ்வளவு நாள் யாருமே காப்பி அடிக்காம சும்மாவா இருந்தாங்க?"

"குட் கொஸ்டின்" என்றேன். பதில் தெரியாத வாத்தியார்கள் எல்லோரும் சொல்வது. மணியைப் பார்த்தேன். டீக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அந்தப் பத்து நிமிஷம் எப்படிப் போனது என்று எனக்கும் அந்த மின்விசிறிக்கும்தான் தெரியும்.

அன்றைக்கு ராத்திரி ஆரம்பித்தது. ஆபீஸ் நேரத்தில் கொஞ்சம், வீட்டில் நிறைய என்று நாலு மாதம் அந்த மனுஷனைத் துரத்தினேன். "செத்துப்போன ஆளோட பேன்ட்டைப் பிடிச்சு ஏன் இழுக்கறீங்க?" என்றாள் மனைவி.

முதலில் பெயரே சரியில்லை. பிறந்தபோது அவர் லீவை இல்லை, லோப் ஸ்ட்ராஸ். 1829 பிப்ரவரி 26, ஜெர்மனியின் பவேரியா பக்கம் புட்டன்ஹைம் என்ற கிராமம். இதை அந்தக் கிராமத்துக்காரர்களே ரொம்ப நாள் அறியவில்லை. 1983ல் அமெரிக்காவிலிருந்து ஒரு விசாரணைக் கடிதம் போன பிறகுதான் பழைய காகிதங்களைப் புரட்டி, "அட, நம்ம ஊர்ப் பையன்!" என்று கண்டுபிடித்தார்கள். 2000ல் அவர் பிறந்த வீட்டையே மியூசியமாக்கிவிட்டார்கள்.

அப்பா ஹிர்ஷ் ஸ்ட்ராஸ் ஊர் ஊராகப் போய்த் துணி விற்றவர். இரண்டு தாரம். லோப் இரண்டாம் தாரத்துப் பிள்ளை. யூதக் குடும்பம். அந்தக் காலத்துப் பவேரியாவில் ஓர் ஊரில் இத்தனை யூதக் குடும்பங்கள்தான் இருக்கலாம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஒருத்தர் செத்தாலோ ஊரை விட்டுப் போனாலோதான் இன்னொருத்தருக்கு இடம், அப்புறம்தான் கல்யாணம், கடை எல்லாம். 1846ல் அப்பா காசநோயில் இறந்துபோக, அடுத்த வருடம் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினாள். மூத்த தாரத்துப் பையன்கள் இருவர் அங்கே ஏற்கெனவே ஜவுளி வியாபாரத்தில் காலூன்றியிருந்தார்கள். லோப் அங்கே போய்த்தான் லீவை ஆனார்.

இங்கே கவனியுங்கள். தோளில் மூட்டையோடு வந்திறங்கிய அநாதைப் பையன் காணாமல் போய்விட்டான். அண்ணன்மாரின் ஜவுளிக் கடையில் தொழில் பழகிய தம்பி வந்துவிட்டார். கதைக்கு இது நஷ்டம்தான். அண்ணன் கடையில் வேலை பார்த்து முன்னுக்கு வந்தவனை வைத்து யார் டிரெயினிங் கிளாஸ் எடுப்பார்கள்?

அடுத்தது வருடம். கம்பெனியின் பழைய லேபிள்களிலும் விளம்பரங்களிலும் '1850 முதல்' என்று கம்பீரமாகப் போட்டிருக்கும். நானும் அதை நம்பித்தான் ஸ்லைடு போட்டேன். ஆனால் லீவை ஸ்ட்ராஸ் அமெரிக்கப் பிரஜையானது 1853 ஜனவரியில், அதுவும் நியூயார்க்கில். அதற்கடுத்த மாதம் கப்பல் ஏறி, பனாமாவைக் குறுக்கே கடந்து, மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார். பனாமா கால்வாய் இல்லை, அங்கே ரயில் பாதைகூட முடியாத காலம். ஆக, '1850 முதல்' நடந்ததாகச் சொல்லும் வியாபாரத்தின் முதலாளி 1853ல்தான் ஊருக்கே வருகிறார்.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. நம் வீடுகளில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். வயிற்றிலிருந்து வந்த தேதி ஒன்று, ஹெட்மாஸ்டர் போட்ட தேதி இன்னொன்று. ரிடையராவது ஹெட்மாஸ்டர் தேதிப்படிதான். கம்பெனிக்கும் எந்த ஹெட்மாஸ்டரோ அப்படி ஒரு தேதி போட்டிருக்கிறார்.

ஆனால் அந்த மூன்று வருட வித்தியாசம் கதையின் முதுகெலும்பை உடைக்கிறது. கலிபோர்னியாவில் தங்கம் அகப்பட்டது 1848 ஜனவரியில். 1853க்குள் கையால் அள்ளுகிற தங்கமெல்லாம் ஏறக்குறைய அள்ளியாகிவிட்டது. சான் பிரான்சிஸ்கோ டென்ட் ஊராக இல்லை, கடைத்தெருக்கள் வந்துவிட்ட நகரம். அங்கே 24 வயது லீவை போனது டென்ட் விற்க இல்லை. குடும்ப வியாபாரத்துக்கு ஒரு மேற்குக் கிளை திறக்க. நியூயார்க்கிலிருந்து அண்ணன்கள் சட்டை, போர்வை, கைக்குட்டை, துணி பீஸ் என்று அனுப்புவார்கள். இவர் அதைச் சின்னக் கடைக்காரர்களுக்கு மொத்தமாக விற்பார். தையல் தெரிந்தவர் என்பதற்கு ஒரு சான்றும் கிடையாது. நம் ஊர் கணக்கில் சொன்னால் கோடவுன் வைத்திருந்த ஜவுளி மொத்த வியாபாரி. பிற்பாடு அக்கா ஃபேன்னியின் கணவர் டேவிட் ஸ்டெர்னும் கூட்டாளியாகச் சேர்ந்தார்.

வியாபாரம் எப்படி நடந்தது என்பதற்குக் கடலுக்கடியில் ஒரு சாட்சி இருக்கிறது. 1857 செப்டம்பரில் 'சென்ட்ரல் அமெரிக்கா' என்ற கப்பல் புயலில் மூழ்கியது. கலிபோர்னியாத் தங்கத்தை ஏற்றிப் போன கப்பல். அதில் லீவை ஸ்ட்ராஸ் அனுப்பிய சரக்கு மட்டும் 76 ஆயிரம் டாலருக்கு மேல். வந்து நாலே வருடத்தில்! பேன்ட் கிழிந்தவனிடம் கித்தான் விற்றுச் சம்பாதித்த காசு அல்ல அது.

இந்தக் கப்பலில் ஒரு கிளைக்கதையும் உண்டு. பல வருடம் கழித்து அதன் சாமான்களை மேலே எடுத்தபோது ஒரு டிரங்குப் பெட்டிக்குள் வேலைக்காரப் பேன்ட் ஒன்று அகப்பட்டது. 2022 டிசம்பரில் அது ஏலத்தில் 1,14,000 டாலருக்குப் போனது. இதுதான் உலகத்திலேயே பழைய லீவைஸாக இருக்கலாம் என்று ஏலக்காரர்கள் சொன்னார்கள். கம்பெனியின் வரலாற்றுப் பிரிவோ, சம்பந்தமே இல்லை, வெறும் யூகம் என்று சொல்லிவிட்டது. விளம்பரத்துக்கு ஆசைப்படாத கம்பெனி ஒன்றை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். ஏலம் நடந்த ஊர் ரீனோ. நெவாடா மாநிலம். இந்த ஊர்ப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் என் எட்டு வருட வகுப்பில் ஒரு தடவைகூட வராத ஆசாமி அந்த ஊரில்தான் இருந்தார். ஜேக்கப் டேவிஸ். இவரும் வந்தேறிதான், இவருக்கும் பெயர் மாறியிருக்கிறது. பால்டிக் கடலோரம் ரீகா நகரில் 1831ல் பிறந்தபோது ஜேக்கப் யூஃபஸ். அமெரிக்கா வந்து டேவிஸ் ஆகி, பல ஊர் சுற்றி, பல தொழில் பார்த்து, ரீனோவில் தையற்கடை போட்டார். ரயில் பாதை வேலைக்காரர்களுக்குச் சாமான் தைத்துக் கொடுப்பது பிழைப்பு. குதிரைப் போர்வை, வண்டிக் கூண்டுக்கு மூடுதுணி, அப்புறம்...

டென்ட்.

இதைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். டென்ட் தைப்பதற்கான கித்தானை டேவிஸ் எங்கே வாங்கினார் தெரியுமா? சான் பிரான்சிஸ்கோவில், லீவை ஸ்ட்ராஸ் கம்பெனியில். ஆக டென்ட் நிஜம். கித்தான் நிஜம். "கிழியாத பேன்ட் வேணும்" என்று வந்து கேட்டதும் நிஜம். ஆளும் ஊரும் வருடமும்தான் வேறு.

கேட்டது சுரங்கக்காரன் இல்லை. ஒரு மரம்வெட்டியின் மனைவி. 1870 முடிந்து 1871 பிறக்கிற சமயம். "என் வீட்டுக்காரருக்கு எதைப் போட்டாலும் கிழிஞ்சுடுது, கெட்டியா ஒண்ணு தைச்சுக் குடுங்க" என்று மூன்று டாலர் கொடுத்தாள். ஆள் நல்ல பருமன். டேவிஸ் வெள்ளைக் கித்தானில் தைத்து முடித்துவிட்டுப் பார்த்தார். மேஜையில் குதிரைப் போர்வைக்கு வார் அடிக்கிற செப்பு ரிவெட்கள் கிடந்தன. பேன்ட் கிழிவது முதலில் பாக்கெட் ஓரத்தில்தானே? கையை விட்டு விட்டு எடுக்கிற இடம். அந்த மூலைகளில் ரிவெட்டை வைத்து ஒரு தட்டு.

அவ்வளவுதான் மொத்தக் கண்டுபிடிப்பே. பல்பு எரியவில்லை, சுத்தியல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அடுத்த ஒன்றரை வருடத்தில் சுமார் 200 பேன்ட் விற்றது. அக்கம்பக்கத்துத் தையற்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். (என் வகுப்புப் பையன் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். காப்பி அடிக்க 23 வருடம் காத்திருக்கவில்லை, ஒன்றரை வருடத்திலேயே வந்துவிட்டார்கள்.) பேட்டன்ட் எடுக்க 68 டாலர் செலவு. டேவிஸுக்கு அது பெரிய தொகை. 1872 ஜூலையில், துணி சப்ளை செய்கிற லீவை ஸ்ட்ராஸ் கம்பெனிக்கே கடிதம் எழுதினார். சரியாக எழுத வராது, மருந்துக்கடைக்காரர் ஒருவர் உதவினார். அப்படியும் ஸ்பெல்லிங் எல்லாம் ஒரு தினுசுதான். இரண்டு பேன்ட் மாதிரிக்கு அனுப்பி, செலவு உங்களுடையது, உரிமையில் பங்கு தருகிறேன், ரகசியம் ரிவெட்டில் இருக்கிறது என்று விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார்.

ரகசியத்தைக் கடிதத்திலேயே எழுதி அனுப்பிய மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பகீரென்கிறது. மொத்த வியாபாரி என்ன செய்திருக்கலாம்? "தகவலுக்கு நன்றி" என்று ஒரு வரி போட்டுவிட்டு, தன் பெயரில் விண்ணப்பம் அனுப்பியிருக்கலாம். ரீனோ டெய்லர் என்ன பண்ணிவிட முடியும்?

செய்யவில்லை. 1873 மே 20ல் வந்த பேட்டன்ட் எண் 1,39,121ல் கண்டுபிடித்தவர் என்று இருப்பது ஜேக்கப் டேவிஸ் பெயர். உரிமை அவருக்கும் லீவை ஸ்ட்ராஸ் கம்பெனிக்கும் சேர்த்து. டேவிஸைச் சான் பிரான்சிஸ்கோவுக்கே வரவழைத்துத் தயாரிப்பு முழுவதையும் அவர் பொறுப்பில் விட்டார்கள். கித்தானிலும் டெனிமிலும் ஆரம்பத்திலிருந்தே இரண்டும் தைத்தார்கள். ஆகவே 'கித்தான் தீர்ந்ததும் நீலம்' என்ற என் வசனமும் போச்சு. 'ஜீன்ஸ்' என்ற சொல்லையும் அவர்கள் சொல்லவில்லை. அப்போது அதற்கு ஓவரால்ஸ் என்றுதான் பெயர். கம்பெனியே ஜீன்ஸ் என்று சொல்ல ஆரம்பித்தது 1960 வாக்கில்.

அப்படியென்றால் டேவிஸை யார் கதையிலிருந்து அழித்தது? லீவை அழிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1897ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 28 மாணவர்களுக்கு ஸ்காலர்ஷிப் ஏற்படுத்தினார். 1902 செப்டம்பர் 26ல் 73 வயதில் இறந்தார். சொத்து சுமார் 60 லட்சம் டாலர். வியாபாரம் அக்காவின் பிள்ளைகளுக்குப் போயிற்று. நாலு வருடம் கழித்து, 1906 ஏப்ரல் 18ல் சான் பிரான்சிஸ்கோ பூகம்பம், தொடர்ந்து பெருந்தீ. கம்பெனியின் தலைமை அலுவலகம் சாம்பல். கணக்குப் புத்தகம், கடிதக் கட்டு, ஃபைல், எல்லாம் போச்சு. டேவிஸ் 1908ல் காலமானார். பேப்பரும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு இதைவிட வசதி வேண்டுமா? தங்கம் வந்தது, டென்ட் வந்தது, தோளில் மூட்டை வந்தது. ரீனோ டெய்லரைப் போட்டால் இரண்டு ஹீரோ ஆகிவிடும், டைட்டில் கார்டில் இடம் போதாது.

தப்பித்தது ஒரே ஒரு கட்டு. 1874ல் ரிவெட்டைக் காப்பி அடித்த வேறொரு வியாபாரி மேல் கம்பெனி கேஸ் போட்டது. அதில் டேவிஸ் கூண்டில் ஏறி மரம்வெட்டி மனைவி, மூன்று டாலர், மேஜையில் கிடந்த ரிவெட் எல்லாவற்றையும் சத்தியம் செய்து சொன்னார். அது கோர்ட் ஃபைல் ஆனதால் அமெரிக்க அரசாங்க ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தது. கம்பெனியே 1989ல் லின் டவுனி என்ற பெண்மணியை வரலாற்றாசிரியராக வேலைக்கு வைத்தது. அவர் கால் நூற்றாண்டு காலம் இந்த மாதிரிக் காகிதங்களைத் தேடி எடுத்து, டென்ட் கதை கட்டுக்கதை என்று சம்பளம் கொடுத்த கம்பெனிக்கே சொன்னார். 2016ல் புத்தகமாகவும் எழுதினார்.

நடுவில் ஒரு ஆறுதல். ஆள் மாறாட்டத்தில் அடிபட்டவர் டேவிஸ் மட்டும் இல்லை. பிரான்ஸ் நாட்டு மானிடவியல் மேதை குளோத் லெவி-ஸ்ட்ராஸ். ஆங்கிலத்தில் எழுதினால் அதே பெயர்தான். அந்தப் பெரியவருக்கு வருஷம் தவறாமல் ஜீன்ஸ் ஆர்டர் தபாலில் வருமாம். அவரே சொல்லியிருக்கிறார்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் முடித்தால் நானும் விளம்பரக் கம்பெனிதான்.

வகுப்பில் லீவை கதைக்கு அடுத்து இன்னொரு கதை சொல்வேன். அதில் ஹீரோ நான். பல வருடம் முன்னால் ஒரு செக்ஷனுக்குப் பொறுப்பாக இருந்தேன். ஃபைல்கள் மாதக்கணக்கில் தூங்கும். ஒரு நாள் எல்லா ஃபைல் ஓரத்திலும் கலர் காகிதத் துண்டு. ஒரு வாரம் ஆனால் பச்சை, இரண்டு வாரம் மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. தூரத்திலிருந்து பார்த்தாலே எந்த மேஜை எரிகிறது என்று தெரியும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த பெரிய அதிகாரி அசந்துபோய், "பிரமாதம், யார் ஐடியா?" என்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் லேசாகச் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன், சத்தியமாக. பொய் சொல்லவில்லை. சர்க்குலரில் என் பெயர் வந்தது. அடுத்த பிரமோஷனில் அது பேசியது.

ஒட்டியவர் டெஸ்பாட்ச் கிளார்க். ரிடையராக இரண்டு வருடம் இருந்த பெரியவர். அன்றைக்கு எனக்கு ஆறடி பின்னால் கோந்து பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்.

லீவை ஸ்ட்ராஸிடம் ஒரு டெய்லரின் கடிதம் வந்தது, பெயரைப் போட்டார். என்னிடம் கடிதம்கூட வர வேண்டியிருக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் போதும்.

போன மாதம் அவர் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். முதலில் பென்ஷன் விஷயம் என்று நினைத்துப் பதறினார். நான் ஒரு மாதிரி சுற்றி வளைத்து, ரீனோ வரை போய், விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அதுவா சார்?" என்றார். "அது ஐடியாவெல்லாம் இல்லை. பொண்ணு கல்யாணப் பத்திரிகை அடிச்சப்ப கலர் பேப்பர் மிஞ்சிப்போச்சு. வேஸ்ட்டாப் போகுதேன்னு ஒட்டினேன்."

"இருக்கட்டும். ஒட்டினது நீங்கதானே? இனிமே கிளாஸ்ல உங்க பேரைச் சொல்லப் போறேன். ஸ்லைடுலயும் போடறேன்."

"அன்னிக்கே தெரியும் சார், நீங்க சொல்லலேன்னு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு, "போடறதா இருந்தா ஒண்ணு மட்டும் பார்த்துக்குங்க சார். சர்வீஸ் ரெஜிஸ்தரைப் பார்த்துப் போட்டுடாதீங்க. அதுல என் இனிஷியல் தப்பா இருக்கு."